புல்வெளி வீடும் தெல்லிப்பழை வீடும்

(நமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை. மலருக்காகச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



மருத்துவர்களை மேடையேற்றினால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார்கள் என்று சபையோர் எதிர்பார்ப்பது வழக்கம். நாவலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் விழாக் குழுவில் ஓர் அக்கா, "என்ன நாவல்?" என்று கேட்டார். அமெரிக்க எல்லைப்புறத்தில் நடக்கும் கிறிஸ்தவக் காதல் நாவல் என்றோம். "அதுக்கும் தெல்லிப்பழைக்கும் என்னடியப்பா சம்பந்தம்?" என்றார். அந்தக் கேள்விக்கு விடைதான் இந்த உரை. சம்பந்தம் இருக்கிறது. நாம் நினைப்பதிலும் பார்க்க நெருக்கமான சம்பந்தம் இருக்கிறது.

கொஞ்சக் காலமாக ஒன்றைக் கவனித்து வருகிறோம். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஊருக்கு வரும் நம் தோழிகளின் பைகளில் சொக்லேற்றுடனும் சவர்க்காரத்துடனும் இரண்டு மூன்று தடித்த ஆங்கிலக் கதைப் புத்தகங்களும் இருக்கின்றன. அட்டையில் நீளப் பாவாடை அணிந்த ஒரு பெண் நிற்பாள். அவளுக்குப் பின்னால் கோதுமை வயலும் ஒரு மரவீடும் தெரியும். வாசித்து முடிந்ததும் புத்தகம் தங்கையிடம் போகும், பிறகு மச்சாளிடம் போகும், பிறகு அயல்வீட்டுப் பிள்ளையிடம் போகும். திருச்சபைப் பெண்கள் சங்கங்களின் புத்தக அலுமாரிகளிலும் இவற்றுக்கு ஓர் இடம் உண்டு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் கூடாரம் போட்ட வண்டிகளில் மேற்கே மேற்கே குடியேறிக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தையும் இடத்தையும் களமாகக் கொண்டு, காதலையும் கடவுள் நம்பிக்கையையும் சேர்த்துப் பின்னிய கதைகள் இவை. பாயில் கிடந்து சாண்டில்யன் வாசித்து அம்மாவிடம் ஏச்சு வாங்கியவர்கள் நம்மில் பலர். அங்கே குதிரையும் கப்பலும் வாளும் வரும். இங்கே மாட்டு வண்டியும் குளிர்காலமும் வேதாகமமும் வரும். சரித்திரக் கதையின் சுகம் இரண்டிலும் ஒன்றுதான்.

இந்த வகையை இன்றைய வடிவில் பரப்பியவர் என்று சொல்லப்படுபவர் ஜனெற் ஓக் என்ற கனடிய எழுத்தாளர். காதல் மெல்ல வரும் என்ற பொருளில் 'லவ் கம்ஸ் சொவ்ட்லி' என்ற அவருடைய முதல் நாவல் 1979இல் வெளிவந்தது. 1983இல் அவர் எழுதிய 'வென் கோல்ஸ் த ஹார்ட்' என்ற நாவலை வைத்து 2014இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரை நம் கனடாத் தோழிகள் குடும்பத்தோடு இருந்து பார்க்கிறார்கள். பிரான்சின் ரிவர்ஸ் 1991இல் எழுதிய 'ரிடீமிங் லவ்' 2022இல் திரைப்படமாகவும் வந்தது.

படித்த பெண்கள், தாதியர், ஆசிரியைகள், கணக்காளர்கள், பேத்தி கண்டவர்கள் ஏன் இவற்றை இவ்வளவு விருப்பத்தோடு வாசிக்கிறார்கள்? நேரம் போக்கத்தான் என்று தட்டிவிடலாம். ஆனால் ஒருவர் திரும்பத் திரும்ப எதை வாசிக்கிறார் என்பதில் அவருக்கு எது கிடைக்கவில்லை என்பதும் தெரியும்.

'லவ் கம்ஸ் சொவ்ட்லி' கதையை எடுத்துக்கொள்வோம். மார்ட்டி என்ற இளம்பெண் கணவனோடு மேற்கே வருகிறாள். வந்த இடத்தில் கணவன் இறந்துபோகிறான். அவள் பிள்ளைத்தாய்ச்சி. கையில் காசில்லை, ஊருக்குத் திரும்பப் பனிக்காலம் முடியும் வரை வழியில்லை. அடக்கம் நடந்த அன்றைக்கே கிளார்க் என்ற ஒருவன் வந்து, தன்னை மணம் முடிக்கும்படி கேட்கிறான். அவனும் மனைவியை இழந்தவன். அவனுடைய சின்ன மகள் மிசிக்கு ஒரு தாய் வேண்டும். பெயருக்குத்தான் கலியாணம், அவளைத் தொடமாட்டேன் என்கிறான். இன்னொன்றும் சொல்கிறான். வண்டிகள் கிழக்கே திரும்பும் காலம் வந்தபின்னும் அவளுக்குப் போகத்தான் விருப்பமென்றால் வழிச்செலவைத் தானே தருவான், மகளையும் அவள் கூட்டிக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான். மீதிக் கதை, அவள் ஏன் போகவில்லை என்பது.

இந்த நாவலின் ஈர்ப்பு அந்த வாக்கில் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். அவளுக்கு ஒரு வீடு கிடைக்கிறது. அந்த வீட்டின் கதவு வெளியேயும் திறக்கும். போகலாம் என்ற நிலையில் அவள் நிற்கிறாள், ஆகவே நிற்பது அவளுடைய சொந்தத் தீர்மானம் ஆகிறது.

'ரிடீமிங் லவ்' இதிலும் கடுமையான கதை. கலிபோர்னியாவில் தங்கம் தேடி ஓடிய காலம். சிறுவயதிலேயே விற்கப்பட்டு விபசாரத்துக்குள் தள்ளப்பட்ட ஒரு பெண்ணை ஒரு விவசாயி மணக்கிறான். அவள் மீண்டும் மீண்டும் ஓடிப்போகிறாள். கடைசியில் தானாகவே திரும்பி வருகிறாள். வேதாகமத்தில் ஓசியா தீர்க்கதரிசியின் கதையை ரிவர்ஸ் திருப்பிச் சொல்லியிருக்கிறார். இங்கேயும் காத்திருப்பவன் ஆண். பொறுத்துக்கொள்பவனும் ஆண்.

வாசிக்கும் பெண்களுக்கு இதுதான் புதுமை. பொறுமை என்ற சொல்லை நாம் பால்குடிக் காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தோம். அந்தச் சொல் எப்போதும் பெண்பிள்ளையைப் பார்த்தே சொல்லப்பட்டது. பொறுமையுள்ள ஓர் ஆணைக் காண்பதற்காக நம் தோழிகள் நானூறு பக்கம் வாசிக்கிறார்கள். இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. இதற்குள் ஒரு வலி இருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். தெல்லிப்பழையைச் சேர்ந்த ஒரு பெண், ஜனெற் ஓக்குக்கு 65 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிறிஸ்தவக் குடும்ப நாவலை எழுதினார். அவர் மங்களநாயகம் தம்பையா. நாவலின் பெயர் 'நொறுங்குண்ட இருதயம்'. ஆண்டு 1914. ஈழத்துத் தமிழில் ஒரு பெண் எழுதிய முதல் நாவல் என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இதைக் கொள்கிறார்கள். ஆ. சிவநேசச்செல்வன் இதைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். 1926இல் மங்களநாயகம் 'அரியமலர்' என்ற இன்னொரு நாவலையும் தந்தார். நம் மாணவிகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று கைகளை உயர்த்தச் சொன்னால் நமக்கே கூச்சமாக இருக்கும்.

அவர் எழுதியது தம் காலத்து யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ வீடுகளைப் பற்றி. அவருக்குச் சமகாலக் கதை, நூறு ஆண்டு கழித்து வாசிக்கும் நமக்குச் சரித்திரக் கதை. கண்மணி என்ற பெண் கணவனின் கொடுமையைத் தாங்குகிறாள். இங்கே பொறுமை மனைவியின் பங்கு. அமெரிக்கப் புல்வெளிக் கதையில் ஆணுக்குக் கிடைத்த வேலை, நம் கதையில் பெண்ணின் தலையில் இருக்கிறது. மங்களநாயகம் தாம் கண்டதை எழுதினார். கற்பனைக் கணவன் ஒருவனைப் படைத்து நம்மைத் தேற்றியிருந்தால், 1914இல் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ வீட்டின் உள்ளறையில் நடந்தது எதுவென்று இன்று நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

அந்தத் தலைப்பைச் சற்று நின்று பார்க்கவேண்டும். நொறுங்குண்ட இருதயம் என்பது 51ஆம் சங்கீதத்தில் வரும் சொல். ஆராதனைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். நாம் அதைத் துக்கப்பட்ட நெஞ்சு, அடிபட்ட நெஞ்சு என்று விளங்கிக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சங்கீதத்தின் தலைக்குறிப்பைப் பாருங்கள். அதைப் பாடுபவன் தாவீது. உரியாவின் மனைவி பத்சேபாளைத் தனக்கென எடுத்துக்கொண்டு, அவள் கணவனைப் போர்முனையில் சாகவிட்டவன். தீர்க்கதரிசி நாத்தான் வந்து முகத்துக்கு நேரே கேட்டபின் பாடப்பட்ட பாட்டு அது. ஆகவே அங்கே நொறுங்கவேண்டிய இருதயம் குற்றம் செய்தவனுடையது. பாதிக்கப்பட்டவளின் இருதயத்தைப் பற்றி அந்தப் பாட்டில் பேச்சே இல்லை.

வேதாகமம் நன்கு தெரிந்த ஒருவர்தான் அந்தத் தலைப்பை வைத்திருக்க முடியும். அவர் எந்த இருதயத்தைக் கருதி வைத்தார் என்று நாம் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இரண்டு விதமாகவும் வாசிக்கலாம் என்பதை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். கண்மணியின் இருதயம் நொறுங்குவது ஒரு துயரம். கணவனின் இருதயம் நொறுங்குவதுதான் சங்கீதம் கேட்பது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, அடித்தவனுக்குச் சொல்லவேண்டியதை அடிபட்டவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கோயிலிலும் சொல்கிறோம், தேவாலயத்திலும் சொல்கிறோம், கலியாண வீட்டுப் பந்தலிலும் சொல்கிறோம். சைவப் பிள்ளைகளுக்கு நளாயினி கதை, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கீதம். புத்திமதி ஒன்றுதான்.

மருத்துவர்களாகிய எங்களுக்கு இது புத்தக விவகாரம் அல்ல. வெளிநோயாளர் பிரிவில் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, முன்கை வீங்கியிருக்க, "ஒண்டுமில்லைப் பிள்ளை, கிணத்தடியிலை வழுக்கி விழுந்திட்டன்" என்று சொல்லும் அம்மாமாரை எங்களில் எல்லோரும் கண்டிருக்கிறோம். விழும்போது நிலத்தில் ஊன்றுகிற கை முறிவது ஒரு மாதிரி. அடியைத் தடுக்க உயர்த்திய கை முறிவது இன்னொரு மாதிரி. எக்ஸ்ரே படத்தைப் பார்க்கும்போதே சந்தேகம் வந்துவிடும். கூட வந்திருக்கும் கணவன் வாசலில் நிற்பார். அவரை மருந்துத் துண்டோடு வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, இரண்டாம் முறை கேட்டால் சிலர் அழுவார்கள். பலர் "பிள்ளையளுக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறன்" என்பார்கள்.

பொறுமையின் இன்னொரு முகத்தையும் பார்க்கிறோம். மார்பில் கட்டி தெரிந்து ஒரு வருடம் கழித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டால், மகளின் சோதனை முடியட்டும் என்றிருந்தேன், அவரைக் கரைச்சல்படுத்தக்கூடாது என்றிருந்தேன் என்று பதில் வரும். தன் உடம்பைக் கடைசியில் வைப்பதற்குப் பழக்கப்பட்டவர்கள் இவர்கள். அந்தப் பழக்கம் பள்ளிக்கூட வயதிலேயே தொடங்குகிறது.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு பற்றிய ஆய்வில், இலங்கையில் துணையோடு வாழ்ந்த அல்லது வாழும் பெண்களில் ஐந்தில் ஒருவர் துணைவரால் உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருப்பது தெரியவந்தது. இந்த மண்டபத்தில் ஒரு வரிசையில் பத்துப் பேர் இருக்கிறீர்கள். கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். படிப்பும் பதவியும் ஒருவரையும் முழுதாகக் காப்பாற்றுவதில்லை என்பதை எங்கள் அனுபவத்தில் சொல்லலாம்.

மார்ட்டிக்குக் கிளார்க் கொடுத்தது திரும்பிப்போகும் வழிச்செலவு. கண்மணிக்கு அப்படி ஒரு வழி இருந்ததா? அவள் காலத்துச் சட்டத்தைப் பார்த்தால் விளங்கும். நாவல் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1911இல், யாழ்ப்பாணத்துத் திருமண உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணுக்கு அவளுடைய சீதனக் காணி அவளுக்கே சொந்தம் என்று அது ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அந்த விதி இன்றும் இருக்கிறது. கணவன் கைவிட்டுப் போனாலோ, நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. முதல் பாதியை எல்லோரும் அறிவார்கள். இரண்டாம் பாதியை அறிந்தவர்கள் குறைவு.

அமெரிக்கப் புல்வெளியிலும் இதற்கு இணையான ஒரு சங்கதி உண்டு. 1862ஆம் ஆண்டின் குடியேற்றக் காணிச் சட்டத்தின்படி, 21 வயதான ஒருவர் ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர்செய்தால் 160 ஏக்கர் அவருக்குச் சொந்தம். நம் கணக்கில் 2,560 பரப்பு. நாலு பரப்புக்கு மூன்று சகோதரர் வழக்காடும் ஊரிலிருந்து பார்த்தால் தலை சுற்றும். மணமாகாத பெண்ணும் விதவையும் அந்தக் காணிக்குத் தம் பெயரில் விண்ணப்பிக்கலாம். கணவனோடு வாழும் மனைவி பொதுவாக விண்ணப்பிக்க முடியாது, குடும்பத் தலைவர் அவன்தான். கதைப் புத்தகத்தில் கலியாணத்தோடு எல்லாம் கிடைக்கிறது. சட்டப் புத்தகத்தில் கலியாணத்தோடு ஒன்று கைவிட்டுப் போகிறது.

இன்று நம்மிடம் கண்மணிக்கு இல்லாத சில கதவுகள் இருக்கின்றன. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். முதலில் 14 நாட்கள் வரை இடைக்காலக் கட்டளை, பின்னர் விசாரித்து 12 மாதங்கள் வரை. பாதிக்கப்பட்டவர் போகமுடியாத நிலையில் பொலிஸ் அதிகாரியும் அவருக்காக விண்ணப்பிக்கலாம். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் நட்பு நிலையம் என்ற பிரிவு இருக்கிறது. அங்கே ஒரு தாதியோ மருத்துவரோ தனியறையில் இருந்து கேட்பார். 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் பெண்களுக்கான உதவிச் சேவை கிடைக்கும். இங்கே தெல்லிப்பழையில், சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள் துர்க்கை அம்மன் கோயிலோடு சேர்த்து ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் அமைத்ததை நாம் கண்முன்னே கண்டவர்கள். பிள்ளைகளுக்குக் கதவு திறந்துவிடுவது எந்தச் சமயத்துக்கும் அந்நியமான வேலை அல்ல.

இதுவரை அந்தப் புல்வெளி வீட்டின் கதவைப் பற்றிப் பேசினோம். இனி அந்த வீடு நிற்கும் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். சம்பந்தம் என்ன என்று கேட்ட அக்காவுக்கான விடை இங்கேதான் இருக்கிறது.

1810இல் அமெரிக்காவில் வெளிநாட்டு ஊழியத்துக்கென ஒரு மிஷன் சபை தொடங்கப்பட்டது. அதன் அலுவலகம் பொஸ்டன் நகரில் இருந்தது. அந்தச் சபை அனுப்பிய டானியல் பூரும் எட்வேர்ட் வாரனும் 1816இல் தெல்லிப்பழைக்கு வந்தார்கள். போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயம் ஒன்று இங்கே சிதைந்து கிடந்தது, அதைத் திருத்தி வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் ஆரம்பித்த பாடசாலையே யூனியன் கல்லூரியின் தொடக்கம். டானியல் பூரின் மனைவி சூசன் 1821இல் இங்கேயே காலமானார். இவ்வளவும் நம்மில் பலருக்குத் தெரிந்த கதை.

தெரியாத பாதி இது. அடுத்த ஆண்டு, 1817இல், அதே சபை அமெரிக்காவுக்குள்ளேயே செரோக்கி மக்களின் நாட்டில் பிரெயினேர்ட் என்ற இடத்தில் ஒரு மிஷனையும் பாடசாலையையும் தொடங்கியது. அதாவது, பொஸ்டனில் ஒரே மேசையில் தெல்லிப்பழையிலிருந்து போன கடிதமும் செரோக்கி நாட்டிலிருந்து போன கடிதமும் பிரிக்கப்பட்டன. நாமும் அவர்களும் ஒரே சபையின் இரண்டு எல்லைப்புறங்கள்.

அந்தப் பாடசாலைக்கு 1817இல் கதரின் பிறவுண் என்ற செரோக்கிப் பெண் படிக்க வந்தார். கெட்டிக்காரி. 1820இல் தன் மக்களிடையே ஒரு பெண்கள் பாடசாலையில் ஆசிரியையானார். 1823இல் காசநோயால் இறந்தார். இருபத்து மூன்று வயது இருக்கும். சபையின் செயலாளர்களுள் ஒருவரான ரூபஸ் அண்டர்சன் 1825இல் அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். உண்மையான எல்லைப்புறத்தின் உண்மையான கிறிஸ்தவப் பெண் இவர். இவரைப் போன்ற ஒருத்தி அந்த நாவல்களின் அட்டையில் நின்று நாங்கள் கண்டதில்லை.

கதரின் இறந்து 15 ஆண்டுகளில் அவருடைய மக்கள் அந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்டார்கள். ஜோர்ஜியா மாநிலம் அவர்களுடைய காணியைக் கேட்டது. செரோக்கியர் பக்கம் நின்றதற்காக சாமுவேல் வூஸ்டர் என்ற மிஷனரியும் எலைசர் பட்லர் என்ற மருத்துவரும் 1831இல் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 1832இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டில் கிடந்தது. 1838இலும் 1839இலும் இராணுவம் செரோக்கியரை வீடுகளிலிருந்து இறக்கி மேற்கே நடத்தியது. கூடவே போன மருத்துவர் பட்லர் 4,000க்கு மேற்பட்டோர் இறந்திருப்பர் என்று கணக்கிட்டார். பிரெயினேர்ட் பாடசாலையும் 1838இல் மூடப்பட்டது.

நாம் விரும்பி வாசிக்கும் நாவல்களில் மேற்கே இருக்கும் நிலம் பெரும்பாலும் வெறுநிலமாகவே வருகிறது. வண்டி வந்து நிற்கிறது, மரம் தறிக்கிறார்கள், வீடு எழுகிறது. அதற்கு முன் அங்கே யார் சமைத்தார்கள், யார் பிள்ளை பெற்றார்கள் என்று கதை கேட்பதில்லை.

வலிகாமம் வடக்குப் பிள்ளைகளான நமக்கு அப்படி வாசிக்க முடியுமா? 1990 யூனில் நாம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டோம். ஒரு கிழமையில் திரும்பலாம் என்று மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து கலியாணமும் முடித்தார்கள். நம் காணிகள் உயர் பாதுகாப்பு வலயம் ஆயின. போர் முடிந்தபின் கட்டம் கட்டமாக விடுவித்தார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. இன்னும் விடுபடாத காணிகளும் இருக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் யாராவது ஒருவர் ஆகாயத்திலிருந்து படம் எடுத்திருந்தால், பற்றை மூடிய வெறுங்காணி என்று எழுதியிருப்பார். நமக்குத் தெரியும், அந்தப் பற்றைக்குள் ஒவ்வொரு கிணற்றுக்கும் பெயர் இருந்தது. ஒவ்வொரு வளவுக்கும் உறுதியில் ஒரு பெயர், வாயில் இன்னொரு பெயர் இருந்தது.

அதனால் நாம் இந்த நாவல்களுக்குப் பொருத்தமான வாசகிகள். பொஸ்டன் வாசகிக்கும் டெக்சஸ் வாசகிக்கும் தோன்றாத கேள்வி நமக்குத் தானாகவே தோன்றவேண்டும். கதைக்குள் ஒரு வீடு எழும்பும்போது இரண்டு கேள்விகளைக் கேட்போம். இவள் விரும்பினால் இந்த வீட்டைவிட்டுப் போகலாமா? இவளுக்கு முன் இந்த நிலத்தில் யார் இருந்தார்கள்? இந்த இரண்டையும் கேட்டபின்னும் கதை நிற்குமானால் அது நல்ல கதை. கேட்டதால் வாசிப்பின் சுகம் குறையாது என்பது எங்கள் அனுபவம். கிளார்க் அந்த வாக்கைக் கொடுக்கும் இடத்தில் எங்களுக்கு இன்னும் நெஞ்சு இளகுகிறது.

நூற்றாண்டு காணும் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்களை வைத்து முடிக்கிறோம்.

முதலாவது, நம் நூலகத்தில் மங்களநாயகம் தம்பையாவுக்கு ஓர் இடம் வேண்டும். அவருடைய நாவல்களை மறுபதிப்பாகவோ பிரதியாகவோ தேடி எடுத்து வைப்போம். கடல் கடந்து இருப்பவர்கள் கொண்டுவரும் புல்வெளி நாவல்களையும் பக்கத்தில் வைப்போம். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வாசித்து, பொறுமை யாருடைய வேலை என்று வாதாடட்டும். விவாதப் போட்டிக்கு இதைவிட நல்ல தலைப்புக் கிடையாது.

இரண்டாவது, 1990இல் இடம்பெயர்ந்த பழைய மாணவியர் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள். எந்த ஒழுங்கை, எந்த மரம், கிணற்றின் பெயர், அயலில் யார் யார். எழுபது, எண்பது வயது அக்காமார் இப்போது சொல்லாவிட்டால் பிறகு கேட்க ஆளில்லை. எழுதக் கை நடுங்கினால் பேத்தியிடம் சொல்லுங்கள், அவள் எழுதட்டும். சங்கம் அவற்றைத் தொகுத்து வைக்கவேண்டும். நாளைக்கு யாராவது இந்த மண்ணை வைத்துச் சரித்திரக் காதல் கதை எழுத வந்தால், வெறுநிலம் என்று எழுத இடம் வைக்கக்கூடாது.

மூன்றாவது, பாடசாலை அறிவித்தற் பலகையில், பரீட்சை நேரசூசிக்குப் பக்கத்தில், 1938 என்ற இலக்கத்தையும் நட்பு நிலையம் பற்றிய குறிப்பையும் எழுதி வைக்க அதிபர் அவர்கள் அனுமதிக்கவேண்டும். சங்கத்தின் ஒவ்வொரு கிளையும், ரொறன்ரோ என்றாலும் மெல்பேர்ண் என்றாலும், தன் ஊரில் உள்ள அத்தகைய இலக்கத்தை உறுப்பினர்களுக்கு அனுப்பவேண்டும். தோழி ஒருத்தி "வழுக்கி விழுந்திட்டன்" என்று சொன்னால், கதவைச் சாத்திவிட்டு இரண்டாம் முறையும் கேளுங்கள். "பொறுத்துக்கொள்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

மாணவிகளே, நாவல் வாசிப்பதற்காக உங்களை யாராவது ஏசினால், மருத்துவர்கள் மேடையில் நாவலைப் பற்றித்தான் பேசினார்கள் என்று சொல்லுங்கள். பாடத்தையும் படியுங்கள்.